வாயிலை எட்டாத வழங்கி

தமிழாய்வின் கருவிகள் இக்காலத்துப் பெரிதும் மாறியுள்ளன. சுவடிகளின் ஒளிப்படங்களும், சொல்லடைவுகளும், பாடவேறுபாட்டுத் தொகுப்புகளும் கணிப்பொறியிற் சேமிக்கப்பெற்று, துறையின் ஒரு மூலையில் அல்லும் பகலும் இயங்கும் வழங்கியினின்றும் ஆய்வாளர்க்குக் கிட்டுகின்றன. சர்வர் என்று யாவரும் குறிக்கும் பொறியையே ஈண்டு வழங்கி என்கின்றோம். அது பழுதுறுங்கால் பொறியாளர் வந்து பார்ப்பார் என்று வாளா இருத்தலே நம்மவரிடை வழக்கமாக உள்ளது. பழுதை நீக்குதல் பொறியாளர் தொழிலாக இருக்கலாம். ஆனால் பழுதைப் பற்றி அப்பொறியே கூறும் சொல்லைப் படித்தறிதல் நம் தொழிலுக்குப் புறம்பானதன்று என்பது எம் கருத்து. அதனை எம் துறையில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி கொண்டு விளக்கப் புகுகின்றோம்.

2023ஆம் ஆண்டில், கட்டடப் பணியின் பொருட்டு எம் துறையின் வழங்கி ஒரு வெள்ளிக்கிழமையன்று வேறோர் அறைக்கு மாற்றப்பெற்றது. திங்கட்கிழமை காலையில் ஆய்வு மாணவர் பலரும் வந்து சுவடிப் படங்களைத் திறக்க இயலவில்லை என்றனர். வெளியூரிலிருந்து பயில்வார்க்கும் அவை கிட்டவில்லை. ஆயின் சுவடிகளைப் படமெடுக்கும் அறையிலிருந்த கணிப்பொறி மட்டும் வழக்கம் போல் வழங்கியோடு உறவாடியது. அன்று எடுத்த படங்கள் யாவும் முறையாகச் சென்று சேர்ந்தன. வழங்கியின் முன் அமர்ந்து பார்த்தபோது, அது தன் வாயிலை எட்டவில்லை என்பது தெரிந்தது. துறையின் ஏனைய கணிப்பொறிகளோ அதே வாயில் வழியே தடையின்றி வெளியுலகை அடைந்துகொண்டிருந்தன.

வாயில் பழுது என்றார் ஒருவர். கம்பிவடம் பழுது என்றார் மற்றொருவர். உதவிக்கு வந்தவருள் ஒருவர், வழங்கியின் மென்பொருளை முற்ற அழித்துப் புதிதாக நிறுவுதலே தக்கது என்று செவ்வாய் மாலையில் முடிவு கூறினார். ஈண்டு ஓர் இடர் இருந்தது. ஒவ்வோர் இரவிலும் வழங்கியிலுள்ளவற்றின் படி ஒன்று வெளியூரிலுள்ள வேறொரு வழங்கிக்குச் செல்லுமாறு அமைத்திருந்தோம். அப்படியும் வாயில் வழியே செல்ல வேண்டியதன்றோ? வெள்ளிக்கிழமை முதல் அது செல்லவில்லை. திங்களும் செவ்வாயும் எடுத்த படங்களுக்கு வேறு படி யாண்டும் இல்லை. படக்கருவியின் நினைவட்டையும் வழக்கப்படி துடைக்கப்பெற்றிருந்தது. சுவடியை இரண்டு நாளைக்கெனத் தந்திருந்த குடும்பத்தார் செவ்வாய் நண்பகலில் அதனைத் திரும்பப் பெற்றுச் சென்றுவிட்டனர். பொறியை அழித்து நிறுவியிருப்பின் அவ்வேடுகளின் படங்கள் மீளா.

வாயில் என்பது யாது?

ஒரு வலையிலுள்ள ஒவ்வொரு பொறிக்கும் ஐபி முகவரி என்னும் எண் உண்டு. எம் வழங்கியின் முகவரியை ஈண்டு 192.168.10.60 எனக் கொள்வோம். ஒரு பொறி மற்றொன்றுக்குச் செய்தி விடுக்குமுன் தன்னைத்தானே ஒரு வினா வினவிக்கொள்கின்றது: பெறுவோன் என் தெருவினனா, அயலானா? தெருவினன் எனின் நேரே கொடுக்கும். அயலான் எனின் வாயிலிடம் கொடுக்கும். வாயில் அதனை வாங்கி அடுத்த வலைக்குச் செலுத்தும். வாயிலின் முகவரி 192.168.10.1.

தெருவின் எல்லை எதுவரை என்பதை முகவரியுடன் சேர்த்து எழுதும் ஓர் எண் வரையறுக்கின்றது. சப்நெட் மாஸ்க் என்று வழங்கும் அதனை யாம் எல்லையெண் என்போம். முகவரி என்பது 32 இருமக் குறிகளால் ஆயது. எல்லையெண் 24 என்றால் முதல் 24 குறிகளும் ஒத்திருப்பன எல்லாம் ஒரே தெரு. எஞ்சிய 8 குறிகளால் 256 எண்கள் அமையும். எனவே 192.168.10.0 முதல் 192.168.10.255 வரை ஒரு தெருவாகும். அவற்றுள் முதலும் இறுதியும் தனிப்பயனுக்கு உரியன ஆதலின் பொறிகளுக்கு 254 எண்களே கிடைக்கும். இக்கணக்கைப் படிப்பவர் நினைவிற் கொள்க, பின்னர் வேண்டப்படும்.

வாயில் என்னும் சொற்குறித்து ஒன்று கூறல் தகும். இதன் ஆங்கிலப் பெயராகிய கேட்வே என்பது, விண்டன் செர்ஃப், இராபர்ட் கான் என்னும் இருவரும் 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், வேறுபட்ட வலைகளை இணைத்து நிற்கும் பொறிக்குப் பெயராக ஆளப்பெற்றது. பின்னாளில் ரூட்டர் என்னும் பெயர் பெருவழக்காயிற்று. எனினும் ஒரு பொறி தன் அயல்நாட்டுச் செய்திகளையெல்லாம் ஒப்படைக்கும் அண்மைப் பொறியைக் குறிக்கப் பழைய பெயரே நின்றது. தமிழில் நுழைவாயில் என்று இதனைப் பெயர்க்கின்றனர். அப்பெயர்ப்புக் கட்டடத்தின் கதவையே நினைவூட்டும். ஒருவர் நடந்து சென்று நுழையும் இடம் என்னும் எண்ணம் எழும். உண்மையில் வழங்கி எங்கும் செல்வதில்லை. அது தன் செய்தியைப் பிறரிடம் கொடுக்க, அவர் கொண்டு சேர்க்கின்றார். தொல்காப்பியக் கற்பியலில் தோழி, பாணன், கூத்தர், விறலியர் முதலியோரை வாயில்கள் என்று வழங்கும் பொருளே இதற்கு நெருங்கிப் பொருந்துவது. ஆதலின் 'நுழை' என்னும் அடையை நீக்கி வாயில் என்றே இக்கட்டுரையில் எழுதுகின்றோம். பிறர் உடன்படுவரோ அறியோம்.

கூற்று யாருடையது?

வாயிலை எட்ட இயலுமா என்று அறிய, பிங் என்னும் சிறு நிரலைப் பயன்படுத்துவர். அதனை 1983ஆம் ஆண்டு திசம்பரில், அமெரிக்கப் படைத்துறை ஆய்வகம் ஒன்றிற் பணியாற்றிய மைக் மூசு என்பார் தம் வலையில் நேர்ந்த சிக்கலைத் துருவுவதற்காக எழுதினார். நீர்மூழ்கிகளைத் தேடும் சோனார்க் கருவியின் ஒலியே அதற்குப் பெயராயிற்று. ஒரு சிறு செய்தியை அனுப்பி, எதிரொலி வருகின்றதா என்று பார்ப்பதே அதன் தொழில். எதிரொலி வாராதபோது அது சில சொற்களை அச்சிடும். அச்சொற்களை எல்லாரும் 'வரவில்லை' என்னும் ஒரு பொருளாகவே கொண்டு கடந்துவிடுகின்றனர். பிழை இங்கேதான் தொடங்குகின்றது.

அகப்பாட்டு ஒன்றைப் பயிலும் மாணவர் முதலிற் கேட்பது இது யார் கூற்று, யாரை நோக்கியது என்பதன்றோ? தலைவி கூற்றைத் தோழி கூற்றாகக் கொண்டாற் பொருள் முற்றும் பிறழும். செய்யுளியலில் முன்னம் என்றோர் உறுப்புக் கூறப்படுகின்றது. இவ்விடத்து இம்மொழி இன்னார்க்கு இன்னார் கூறத்தக்கது என்று உய்த்துணருமாறு அமைவது அது. பொறியின் சொல்லையும் இவ்வாறே நோக்கல் வேண்டும். 'எட்டவில்லை' என்று சொல்பவர் வழங்கியா, வாயிலா, அதற்கு அப்பாலுள்ள ஒருவரா? இவ்வொரு வினா பாதி ஆராய்ச்சியை முடித்துவிடும்.

லினக்சு அமைப்பில் இயங்கும் வழங்கியில் 'நெட்வொர்க் இஸ் அன்ரீச்சபிள்', அதாவது வலை எட்டத்தக்கதன்று, என்னும் விடை கட்டளையிட்ட அக்கணமே வருவதுண்டு. இதனைக் கூறுவது வழங்கியின் உள்ளமே. தன் வழிப்பட்டியலைத் திருப்பிப் பார்த்தது. அம்முகவரிக்கு உரிய வழி எதுவும் அதில் இல்லை. ஆகவே ஒரு பொதியும் அனுப்பவில்லை. கம்பிவடம், சுவிட்சு, வாயில் ஆகிய எவற்றின்மீதும் இதற்குப் பழி இல்லை. அவற்றை அது தொடவே இல்லை.

இதனோடு மயங்கத்தக்க மற்றொன்று உண்டு. 'டெஸ்டினேஷன் நெட் அன்ரீச்சபிள்' என்று ஒரு வரி, முன்னே ஒரு முகவரியுடன் தோன்றும். சொற்கள் ஏறத்தாழ ஒன்றே, கூறுவோர் வேறு. இது வழியிலுள்ள ஏதோ ஒரு ரூட்டர் திருப்பியனுப்பிய மடல். ஜான் போஸ்டல் 1981ஆம் ஆண்டு செப்டம்பரில் வகுத்தளித்த ஐசிஎம்பி என்னும் நெறிமுறை, இத்தகைய மறுப்பு மடல்களுக்கு வகையெண்ணும் உட்பிரிவெண்ணும் அமைத்துள்ளது. வாயிலின் முகவரி முன்னே நின்றால் வாயில் நலமாக உள்ளது என்பதே பொருள். குறை அதற்கு அப்பால். இரண்டு வரிகளையும் ஒன்றாகக் கருதி வாயிலைக் குறை கூறுவோர் பலர்.

மூன்றாவது, 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்பது. முன்னே நிற்பது வழங்கியின் சொந்த முகவரி. விடை வர மூன்று நொடியளவு ஆகும். இக்காலத்தாழ்வு ஏன்? முகவரி தெருவினுள் இருப்பினும், பொதியைக் கையிற் கொடுக்க அப்பொறியின் வன்பொருள் அடையாள எண் வேண்டும். அது 48 இருமக் குறிகளால் ஆயது. அதனை அறிய வழங்கி தெரு முழுவதும் கேட்கக் கூவுகின்றது: '192.168.10.1 யாருடையது? 192.168.10.60க்குச் சொல்லுக.' டேவிட் பிளம்மர் 1982ஆம் ஆண்டில் எழுதிய ஏஆர்பி என்னும் நெறிமுறை இதுவே. நொடிக்கு ஒருமுறையாக மூன்று முறை கூவியும் மறுமொழி இல்லையெனின், வழங்கி தனக்குத்தானே 'எட்டவில்லை' என்று எழுதிக்கொள்கின்றது. ஆகவே இங்குப் பொதி இல்லை, கூவல் மட்டும் புறப்பட்டிருக்கின்றது. அது கேட்கப்படவில்லை, அல்லது மறுமொழி திரும்பவில்லை. கம்பிவடம் கழன்றிருக்கலாம். வாயில் அணைந்திருக்கலாம். சுவிட்சில் ஒரே பெட்டிக்குள் பல தெருக்களைப் பிரித்து வைக்கும் வீலேன் முறையில், வழங்கியின் துளை வேறு தெருவில் சேர்க்கப்பட்டிருக்கலாம். இவற்றுள் இறுதியதே பெரிதும் ஏமாற்றுவது. ஏனெனில் துளையின் விளக்கு ஒளிர்ந்துகொண்டே இருக்கும். கம்பியின் மறுமுனையில் உயிருள்ள பொறி ஒன்று உண்டு என்பதற்கு மட்டுமே விளக்குச் சான்று. அது தக்க தெரு என்பதற்கு அன்று.

விண்டோசு அமைப்பில் இவ்விடத்தில் ஒரு பொல்லாத மயக்கம் உண்டு. அங்கு இதே செய்தி 'ரிப்ளை ஃப்ரம்', அதாவது இன்னாரிடமிருந்து விடை, என்று தொடங்கும். அவ்வின்னார் வேறு யாருமல்லர், வினவிய பொறியே. போதாக்குறைக்கு இறுதியில் தரும் கணக்கில் அவற்றையும் பெற்ற விடைகளாக எண்ணி, இழப்புச் சுழி விழுக்காடு என்று காட்டும். கணக்கை மட்டும் பார்த்தவர் வாயில் நலம் என்று எழுந்து போய்விடுவர்.

இனி, மௌனம். பிங் எத்தனை முறை விடுத்தும் ஒரு சொல்லும் வாராமை. இதனை மிகக் கொடிய பழுதென்று எண்ணுவர். அண்டைப் பொறிகளின் பட்டியலை 'ஐபி நெய்பர்' என்னும் கட்டளையாற் பார்த்தல் வேண்டும். வாயிலின் அடையாள எண் அங்கு எழுதப்பெற்று, அண்மையில் உறுதிசெய்யப்பட்டதென்றும் குறித்திருப்பின், கூவலுக்கு வாயில் மறுமொழி தந்துள்ளது என்பது தேற்றம். பிங்கிற்கு விடை தர வேண்டாமென அதனை ஆள்வோர் தடுத்திருக்கலாம். வாயிலுக்கு அப்பாலுள்ள முகவரி ஒன்றை, சான்றாகக் கூகுள் நிறுவனம் 2009 முதல் நடத்தும் 8.8.8.8 என்பதை, வினவினால் உண்மை வெளிப்படும். அது விடை தந்தால் வாயிலின் மௌனம் பழுதன்று, இயல்பு.

அப்பட்டியலிலுள்ள எண்ணை வாயிற்பெட்டியின்மேல் ஒட்டியுள்ள எண்ணோடு ஒப்பிடுதலும் நன்று. சில வேளைகளில் இரண்டும் ஒவ்வா. யாரோ ஒருவர் தம் அறையில் வீட்டுக்கு வாங்கிய சிறு ரூட்டர் ஒன்றைச் சுவரிலுள்ள துளையிற் செருகியிருப்பர். அதன் பிறவி முகவரியும் வாயிலின் முகவரியும் ஒன்றாய் அமைந்துவிடின், 'யாருடையது?' என்னும் கூவலுக்கு இருவர் 'என்னுடையது' என்பர். பொய்வாயிலின் மறுமொழி மேலோங்கினால் வழங்கி அதனையே நம்பும். பிங் வெற்றி பெறும். வெளியே எதுவும் செல்லாது. இது விட்டு விட்டுத் தோன்றும் நோய் ஆதலின் கண்டுபிடிக்க நாளாகும்.

வலையுலாவியின் முகத்தில் தோன்றும் 'இத்தளத்தை அடைய இயலவில்லை' என்னும் அறிவிப்பை இவற்றோடு சேர்த்தெண்ணலாகாது. அது பாட்டின் அடியிற் பிற்காலத்தார் எழுதிய கூற்றுக் குறிப்பை ஒத்தது. பயன் உண்டு, எனினும் மூலம் அன்று.

எம் வழங்கியிற் கண்டது

செவ்வாய் இரவு, அழிக்கும் வேலையை ஒருநாள் ஒத்திவைக்குமாறு வேண்டிக்கொண்டு, வழங்கியின் முன் அமர்ந்தோம். 192.168.10.1 என்னும் முகவரிக்குப் பிங் விடுத்தோம். இரண்டு நாளாகப் பலரும் செய்தது இதுவே. வந்த விடையும் முன்னர் வந்ததே. ஆயின் இம்முறை அதன் சொற்களையும் அது வந்த விரைவையும் நோக்கினோம். 'நெட்வொர்க் இஸ் அன்ரீச்சபிள்' என்று அக்கணமே வந்தது. முன்னே எம்முகவரியும் இல்லை. மூன்று நொடித் தாழ்வும் இல்லை. கூறியது வழங்கியே. இதனால் இரண்டு முறை மாற்றப்பெற்ற கம்பிவடமும், திறந்து பார்க்கப்பெற்ற சுவிட்சும் குற்றமற்றன என்பது ஒருதலையாயிற்று.

அடுத்து 'ஐபி ரூட்' என்னும் கட்டளையால் வழிப்பட்டியலைக் கண்டோம். நலமான பொறியில் ஈரடி இருத்தல் வேண்டும்: அயலார்க்கெல்லாம் வாயில் வழி என்பது ஒன்று, சொந்தத் தெரு இது என்பது மற்றொன்று. இங்கு முன்னது இல்லை. பின்னது இருந்தது, ஆனால் அது 192.168.10.0/24 என்றிராமல் 192.168.10.48/28 என்றிருந்தது.

24 என்றிருக்க வேண்டிய எல்லையெண் 28 ஆகியிருந்தது. 28 குறிகள் ஒத்திருத்தல் வேண்டுமெனின் எஞ்சுவன 4. அவற்றால் 16 எண்களே அமையும். 60 என்னும் எண் 48 முதல் 63 வரையுள்ள சிறு கூறில் வீழ்கின்றது. ஆகவே வழங்கி தன் தெரு அப்பதினாறு வீடுகளே என்று நம்பியிருந்தது. அதன் கண்ணுக்கு 1 என்னும் எண்ணுடைய வாயிலே அயலூரில் இருந்தது. அயலூர்க்குச் செல்ல வாயில் வேண்டும், வாயிலோ அயலூரில்! இத்தகைய வாயிலை ஏற்க முடியாதென்று பொறி இயங்கத் தொடங்கும்போதே அவ்வடியைத் தள்ளிவிட்டிருந்தது. தொடக்கப் பதிவேட்டிற் பார்த்தபோது, 'நெக்ஸ்ட்ஹாப் ஹேஸ் இன்வேலிட் கேட்வே' என்று வெள்ளிக்கிழமையே எழுதி வைத்திருக்கின்றது. படிப்பாரில்லை.

படமெடுக்கும் அறையின் கணிப்பொறி மட்டும் தொடர்பு கொண்டமைக்கும் காரணம் விளங்கிற்று. அதன் முகவரி 192.168.10.52. அது 48க்கும் 63க்கும் இடையில் உள்ளது. வழங்கியின் குறுகிய தெருவிலும் அதற்கு வீடு உண்டு. மாணவர் அறைப் பொறிகளின் எண்கள் 20 முதல் 40 வரை. அவை கேட்டவற்றிற்கு விடை அனுப்ப வழங்கிக்கு வழி தெரியவில்லை. ஒரு பொறிக்குக் கிட்டுகின்றது, பிறவற்றுக்குக் கிட்டவில்லை என்னும் இச்சான்று முதல்நாளே எம் கையில் இருந்தது. வழங்கி நலம் என்பதற்கு அதனை எல்லாரும் காட்டினரே ஒழிய, கிட்டியது எந்த எண், கிட்டாதவை எந்த எண்கள் என்று யாமும் உசாவவில்லை. உசாவியிருப்பின் திங்கட்கிழமையே முடிந்திருக்கும்.

28 எங்ஙனம் வந்தது? வழங்கியை மாற்றிய அன்று அதன் அமைப்புகளை ஒரு தாளைப் பார்த்துப் புதிதாக எழுதினர். அத்தாள் மங்கிய நகல். அதில் 4 என்னும் இலக்கத்தின் மேற்பகுதி மூடி, கீழே ஒரு கறை சுழிந்து, 8 போலவே தோற்றுகின்றது. ஏட்டில் ரகரத்தையும் காலையும் வேறுபாடறியாமல் எழுதிய படியெடுப்போரை நாள்தோறும் காணும் துறையில் இது நிகழ்ந்தது. எழுதியவரைக் குறை சொல்வதற்கில்லை. 28 என்பதும் முறையான எல்லையெண்ணே. பொருந்தாப் பாடமாயின் எவரும் ஐயுறுவர். பொருந்துவது போலத் தோன்றும் பாடமே நெடுங்காலம் நின்றுவிடுகின்றது.

திருத்தம் இரண்டு அடிகளே. எல்லையெண்ணை 24 ஆக்கி, விடுபட்ட வாயில் வழியைச் சேர்த்தோம். பிங்கிற்கு உடனே விடை வந்தது. ஆயினும் கட்டளையாற் செய்த திருத்தம் பொறி நின்று மீண்டும் இயங்கினால் மறையும். ஆதலின் நிலையான அமைப்புக் கோப்பிலும் எண்ணை மாற்றி, பொறியை ஒருமுறை நிறுத்தி இயக்கிப் பார்த்தோம். வழிப்பட்டியலில் ஈரடியும் நின்றன. அன்றிரவே நான்கு நாள் தேங்கியிருந்த படி வெளியூர் வழங்கிக்குச் சென்றது. குடும்பத்தாரின் சுவடிப் படங்கள் அனைத்தும் அங்கும் உள்ளனவா என்று மறுநாட் காலையில் ஒவ்வோர் ஏடாக எண்ணிப் பார்த்தோம், இருந்தன.

மங்கிய தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எழுதியுள்ளோம். முறிகளிலும் கடன்பத்திரங்களிலும் எழுதும் வழக்கம் பற்றி, எண்ணின் அருகே இருபத்து நான்கு என்று எழுத்தாலும் குறித்து, வழங்கியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கின்றது.